பாம்பன் புயல் கூண்டும் லேப்டாப் திரையின் மூலையும்!

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் தமிழகம் முழுக்கத் தொலைக்காட்சியில் வரும் சேதி ஒன்று உண்டு. 'பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்பார்கள். சென்னையில் இருப்பவருக்கு அது ஒரு வரிச் செய்தி. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் இருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு, நாளை அடுப்பு எரியுமா என்பதைச் சொல்லும் செய்தி.

அந்தக் கூண்டின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். பகலில் கூம்பு, உருளை வடிவங்களைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். ஒன்று என்றால் தொலைவில் கடல் கெட்டிருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி ஆபத்தில்லை. எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் அபாயம். படிப்பறிவு இல்லாதவரும் படகில் இருந்தபடியே ஒரு பார்வையில் புரிந்துகொள்ளலாம். எதையும் திறந்து பார்க்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம்.

இதே வேலையைச் செய்யும் ஓர் இடம் உங்கள் கணினியிலும் இருக்கிறது. திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வைஃபை, ஸ்பீக்கர், பேட்டரி படங்கள்தான் அது. கடந்த சில ஆண்டுகளில் அந்த மூலையை உலகம் முழுக்க மாற்றி அமைத்துவிட்டார்கள். மாறியதைப் பலர் கவனிக்கவே இல்லை. ஆனால் ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் நெட் போகும்போதோ, ஆன்லைன் வகுப்பில் சத்தம் வராதபோதோ எல்லோரும் தேடி ஓடுவது அந்த மூலைக்குத்தான்.

மூலைக்கு வயது முப்பது

1995 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் 95-ல்தான் இந்த மூலை பெரும்பாலானவர்களுக்கு அறிமுகமானது. டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் ஒரு கடிகாரம், அதன் அருகே ஒரு ஸ்பீக்கர் படம். அவ்வளவுதான்.

பிறகு வந்த ஒவ்வொரு மென்பொருளும் அங்கே துண்டு போட்டு இடம் பிடித்தது. ஆன்டிவைரஸ் ஒரு படம், பிரின்டர் ஒரு படம், பாட்டு கேட்கும் மென்பொருள் ஒரு படம். பத்து, பதினைந்து படங்கள் வரிசை கட்டி நின்றன. எது அவசரம், எது அலங்காரம் என்றே தெரியாது. 2009-ல் வந்த விண்டோஸ் 7, அவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது.

துறைமுகக் கம்பத்தில் புயல் எச்சரிக்கையோடு கடை விளம்பரத்தையும் திருவிழாத் தோரணத்தையும் சேர்த்துக் கட்டினால் எப்படி இருக்கும்? அந்த நிலைதான் கணினியின் மூலைக்கு வந்தது. 'இந்த இடத்தில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது' என்ற கேள்வி அப்போதுதான் வடிவமைப்பாளர்களுக்கு உறைத்தது.

பாடப்புத்தகத்தில் தனித்தனி, திரையில் ஒன்று

இந்த மாற்றம் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தையும் தொட்டிருக்கிறது. 2018-ல் தமிழக அரசு கொண்டுவந்த புதிய பாடத்திட்டத்தில், பதினோராம் வகுப்பு கணினி அறிவியல் நூலில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கும் இடம் கொடுத்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியது நல்ல காரியம். அந்தப் பாடத்தில் திரையின் மேல் பட்டியில் இருக்கும் படங்களைத் தனித்தனியாக விளக்கியிருந்தார்கள். நெட்வொர்க்குக்கு ஒன்று, விசைப்பலகை மொழிக்கு ஒன்று, செய்திகளுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, கடிகாரம் ஒன்று, கணினியை அணைக்க ஒன்று.

அது யூனிட்டி என்ற முகப்பைக் கொண்ட உபுண்டு. அதைத் தயாரிக்கும் கெனானிக்கல் நிறுவனம் யூனிட்டியைக் கைவிடுவதாக 2017 ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 17.10 பதிப்பு, க்னோம் என்ற வேறு முகப்புக்கு மாறியது. அதில் நெட்வொர்க், ஒலி, பேட்டரி, அணைக்கும் வசதி எல்லாம் ஒரே மெனுவுக்குள். எந்தப் படத்தைத் தட்டினாலும் அந்த ஒரே மெனுதான் திறக்கும்.

ராமநாதபுரத்தில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி, பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் புதிய உபுண்டு போட்ட கணினி முன்னால் உட்கார்ந்தால் முதலில் குழம்பத்தான் செய்வார். புத்தகம் அச்சான காலத்தில் பழைய உபுண்டுவும் பரவலாகப் புழக்கத்தில் இருந்ததால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கணினியின் முகம் பாடநூலைவிட வேகமாக மாறுகிறது, அவ்வளவுதான். அதனால் 'எந்தப் படம் எங்கே இருக்கிறது' என்பதைவிட, 'அந்தப் படம் எதைச் சொல்கிறது' என்று கற்றுக்கொடுப்பது நீண்ட நாள் உதவும்.

ஏன் ஒன்றாக்கினார்கள்?

க்னோம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களும் சில நிறுவனங்களும் சேர்ந்து 1997 முதல் உருவாக்கிவரும் இலவச முகப்பு. 2011 ஏப்ரலில் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் ஒலி, நெட்வொர்க், பேட்டரி ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனி மெனு. 2013 செப்டம்பரில் வந்த 3.10 பதிப்பில் அவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள். மேலே ஒலிக்கும் திரை வெளிச்சத்துக்கும் நகர்த்தும் பட்டிகள், நடுவில் வைஃபை, புளூடூத், பேட்டரி வரிகள், கீழே அமைப்புகள், பூட்டு, அணைத்தல் என்று மூன்று வட்டப் பொத்தான்கள்.

2022 செப்டம்பரில் வந்த க்னோம் 43-ல் மறுபடி மாற்றம். வரிகள் போய், மாத்திரை வடிவத்தில் பெரிய பொத்தான்கள் வந்தன. ஒரு தட்டில் வைஃபையை நிறுத்தலாம், போடலாம். முன்பு இரண்டு, மூன்று முறை சொடுக்க வேண்டிய வேலை அது. சத்தம் ஸ்பீக்கரில் வர வேண்டுமா, ஹெட்போனில் வர வேண்டுமா என்பதையும் அங்கேயே மாற்றலாம். உபுண்டு 22.04 வைத்திருப்பவர்களுக்குப் பழைய மெனு இருக்கும். 24.04 வைத்திருப்பவர்களுக்குப் புதியது.

இதே வழியில்தான் மற்றவர்களும் போனார்கள். ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் மேக் கணினிகளுக்குக் 'கன்ட்ரோல் சென்டர்' கொண்டுவந்தது. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ல் வைஃபை, ஒலி, பேட்டரி மூன்றும் சேர்ந்து ஒரே பொத்தான் ஆயின. விண்டோஸ் 10-ல் வைஃபையைத் தொட்டால் வைஃபை பட்டியல், ஸ்பீக்கரைத் தொட்டால் ஒலி என்று தனித்தனியாகத் திறந்தது நினைவிருக்கலாம்.

இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. முதலாவது, கைப்பேசிப் பழக்கம். திரையை மேலிருந்து கீழே இழுத்தால் டார்ச், வைஃபை, புளூடூத் பொத்தான்கள் வருவது இன்று பாட்டிக்கும் தெரியும். அதே அமைப்பு கணினியிலும் இருந்தால் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இரண்டாவது, தொடுதிரை. விரலுக்கு அரிசி அளவுப் படங்களைத் தொட வராது. மூன்றாவது, தேடும் வேலை மிச்சம். எங்கே தட்டினாலும் ஒரே இடம் திறக்கிறது.

அணைக்கும் பொத்தான் காணாமல் போன கதை

ஆனால் மாற்றி அமைப்பவர்கள் சில நேரம் சறுக்குவதும் உண்டு. க்னோமின் மூன்றாம் பதிப்பு வந்த புதிதில், அந்த மூலை மெனுவில் கணினியை முழுவதும் அணைக்கும் வசதி கண்ணுக்குத் தெரியாது. உறங்க வைக்கும் 'சஸ்பெண்ட்' மட்டும்தான் இருக்கும். கீபோர்டில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டால்தான் அது 'பவர் ஆஃப்' என்று மாறும். உறங்க வைத்தாலே போதுமே என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம்.

மின்சாரம் தடையில்லாமல் வரும் ஊருக்கு அது சரி. நம்மூரில் நிலைமை வேறு. உறங்கும் கணினியும் கொஞ்சம் கொஞ்சமாக பேட்டரியைக் குடிக்கும். புயல் மழைக் காலத்தில் கரையோரக் கிராமங்களுக்கு மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. அப்போது மிச்சமுள்ள சார்ஜைக் காப்பாற்ற முழுதாக அணைப்பதுதான் வழி. பயனாளர்களின் தொடர்ந்த முறையீட்டுக்குப் பிறகு, 2012-ல் வந்த 3.6 பதிப்பில் அணைக்கும் வசதி நேரடியாகத் தெரியும்படி வைத்தார்கள்.

அதே 2012-ல் வந்த விண்டோஸ் 8-ம் அணைக்கும் பொத்தானைத் திரையின் ஓரத்தில் இருந்து இழுக்கும் ஒரு பட்டிக்குள் ஒளித்தது. கணினியை எப்படி அணைப்பது என்று உலகமே தேடியது. 2014-ல் வந்த மேம்பாட்டில் ஸ்டார்ட் திரையிலேயே அந்தப் பொத்தானை வைத்தார்கள். தினமும் தேவைப்படுவதை ஒளித்து வைத்தால் மக்கள் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

கோடு நிறைய இருக்கு... நெட் இல்லையே!

கரையோர வீடுகளில் பலருக்கு இணையம் என்றால் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்தான். அப்பாவின் போனில் இருந்து மகளின் லேப்டாப்புக்கு நெட் போகும். இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

லேப்டாப் மூலையில் தெரியும் வைஃபை கோடுகள், லேப்டாப்புக்கும் அந்த போனுக்கும் உள்ள தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. போன் பக்கத்தில் இருந்தால் கோடுகள் நிறைந்து நிற்கும். ஆனால் போனுக்கு டவர் கிடைக்கிறதா என்பது வேறு கணக்கு. வீட்டுக் குழாய் நன்றாக இருக்கிறது என்பதால் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று அர்த்தமில்லையே! லேப்டாப்பில் கோடுகள் நிறைய இருந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது போனின் சிக்னலை.

தனுஷ்கோடிப் பக்கம் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். அதனால் சிலரது போன் இலங்கை நிறுவனத்தின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். போனில் கோடுகள் தெரியும், ரோமிங் குறியும் கூடவே வரும், இணையம் மட்டும் வராது. அந்தச் சின்னக் குறியைக் கவனிக்காமல் லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. டேட்டா ரோமிங்கை நிறுத்தியே வைத்திருப்பது செலவுக்கும் நல்லது.

பதினோராம் எண் சொல்லும் பாடம்

புயல் கூண்டுக்கே திரும்பி வருவோம். பத்தாம் எண்தான் உச்ச அபாயம் என்றால் பதினோராம் எண் எதற்கு? வானிலை எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். 'சேதி இல்லை' என்பதையே ஒரு சேதியாக மாற்றிய எண் அது. கம்பத்தைக் காலியாக விட்டால், கடல் அமைதியாக இருக்கிறது என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே!

கணினி மூலையிலும் இந்தப் பதினோராம் எண் தேவை. இணைப்பு இருக்கிறது, ஆனால் இணையம் வரவில்லை என்ற நிலையில் க்னோம் முகப்பு வைஃபை படத்தோடு ஒரு கேள்விக்குறியைக் காட்டும். விண்டோஸ் 11, வைஃபை படத்துக்குப் பதில் ஓர் உருண்டைப் படத்தை வைக்கும். இரண்டும் சின்னவை, கண்ணில் படாமல் போகக்கூடியவை. ஆனால் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தும் முன், பணம் அனுப்பும் முன், அந்த மூலையை ஒரு நொடி பார்த்துவிடுங்கள். பாதிப் பரிவர்த்தனையில் நெட் போய், பணம் போனதா, வந்ததா என்று தவிப்பது மிச்சமாகும்.

எல்லாவற்றையும் ஒரே மெனுவுக்குள் சேர்ப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். கட்டுப்படுத்தும் பொத்தான்கள் உள்ளே போகலாம், தவறில்லை. எச்சரிக்கைகள் வெளியேதான் நிற்க வேண்டும்.

தமிழில் அந்த மூலை

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்க காலத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இயங்குதளம் அது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும். வீட்டில் முதல் கணினியைத் தொட்ட தலைமுறைக்கு, முகப்பைத் தமிழில் பார்க்கும் வாய்ப்பு அப்போதே கையில் கிடைத்தது.

விண்டோஸையும் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் செய்பவர்கள் குறைவு. 'ஏரோப்ளேன் மோடு' பழகிய காதுக்கு 'விமானப் பயன்முறை' கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிவது தமிழில் பத்துப் பன்னிரண்டு எழுத்தாக நீளும். மாத்திரை வடிவப் பொத்தானுக்குள் அது அடங்காது. பாதிச் சொல் தெரியும், மீதி மூன்று புள்ளிகளாகிவிடும். நீண்ட சொற்கள் உள்ள மொழிகள் எல்லாவற்றுக்கும் வரும் தலைவலி இது. 2023 மார்ச்சில் வந்த க்னோம் 44-ல் பொத்தான்களுக்குள் இரண்டாவது வரி ஒன்றைச் சேர்த்தார்கள். தலைப்பு மேலே, இப்போதைய நிலை கீழே. 'வைஃபை' என்பதன் கீழ் எந்த வைஃபை என்று படித்துவிடலாம்.

க்னோமின் தமிழ்ச் சொற்களை மொழிபெயர்ப்பவர்கள் தன்னார்வலர்கள். 'ழ கணினி' போன்ற முயற்சிகள் நடந்த 2000-களின் தொடக்கம் தொட்டே இப்படிப்பட்டவர்கள்தான் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பேச வைத்தார்கள். கணினி தெரிந்த, தமிழில் ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்கள் இதில் சேரலாம். ஒரு பொத்தானுக்குள் அடங்குகிற, ஊரில் புழங்குகிற சொல்லைக் கண்டுபிடிப்பது சின்ன வேலை இல்லை. 'கூண்டு ஏத்திட்டாங்க' என்ற இரண்டு சொல்லில் முழு வானிலை அறிக்கையையும் சொல்லிவிடும் கரையோர மக்களுக்கு அந்தக் கலை கைவந்ததுதான்.

இன்றே செய்து பாருங்கள்

* விண்டோஸ் 11 வைத்திருந்தால் விண்டோஸ் விசையோடு 'ஏ' விசையை அழுத்துங்கள். விரைவு அமைப்புகள் திறக்கும். அறிவிப்புகளுக்கு விண்டோஸ் விசையோடு 'என்'.

* வைஃபை திடீரென்று முழுதாகக் காணாமல் போனால் விமானப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். சில லேப்டாப் கீபோர்டுகளின் மேல் வரிசையில் அதற்கென்றே ஒரு விசை உண்டு. குழந்தைகள் கை பட்டால் போதும்.

* சார்ஜர் செருகியதும் பேட்டரி படத்தில் மின்னல் அல்லது பிளக் குறி வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பின்னைச் செருகிவிட்டுச் சுவரில் சுவிட்சைப் போட மறப்பது எல்லா வீட்டிலும் நடப்பது.

* பேட்டரி சதவீதம் தெரிய, விண்டோஸ் 11-ல் படத்தின் மேல் சுட்டியை நிறுத்துங்கள். உபுண்டுவில் அமைப்புகளில் மின்சாரப் பகுதிக்குப் போய், சதவீதம் எப்போதும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம்.

* சத்தம் வரவில்லையா? ஒலிப் பட்டியின் அருகே உள்ள குறியைத் தொட்டு, ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். பக்கத்து அறையில் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கலாம்!

* ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால், அந்த வைஃபையின் பண்புகளில் 'அளவிடப்பட்ட இணைப்பு' என்பதைப் போட்டுவிடுங்கள். பெரிய அப்டேட்கள் உங்கள் ஒரு நாள் டேட்டாவைத் தின்பது பெருமளவு குறையும்.

அடுத்த பதிப்பில் இந்த மூலை இன்னொரு முறை மாறலாம். பொத்தான் வட்டமாகலாம், சதுரமாகலாம், இடம் பெயரலாம். மாறும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ஆபத்து வந்தால் தேடாமலே கண்ணில் படுமா? பாம்பன் கம்பத்தில் ஏறும் கூண்டுக்கு அந்தக் கேள்வியில் எப்போதும் முழு மதிப்பெண்தான்.